திண்டுக்கல்காரர் வாயில 'பூட்டு' வரல: மதுரையில ஏழு மாச ஸ்பீச் தெரபி, எங்க அனுபவம்

இடத்தோட பேரு போடாமத்தான் எழுதப் போறேன், அத மொதல்லயே சொல்லிர்றேன். ஒரே ஒரு பொண்ணு நடத்துற சின்ன இடம், நல்லதும் சொல்லுவேன் குறையும் சொல்லுவேன், குறைய மட்டும் படிச்சுட்டுப் போயி யாராவது அந்தப் பொண்ணுகிட்ட மூஞ்சியக் காட்டுனா எனக்கு மனசு கேக்காது. மதுரையில இருக்கு, அம்புட்டுத்தான்.

எங்க வீட்டுக்காரருக்கு 54 வயசு. திண்டுக்கல்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கோம், மாமனார் காலத்துக் கடை. போன வருஷம் ஆடி மாசம் பைக்ல வர்றப்ப குறுக்க நாய் வந்து விழுந்துட்டாரு. ஹெல்மெட் இருந்துச்சு, டேங்க் மேல. கை காலுல சிராய்ப்புதான், தலையில இடது பக்கம் காதுக்கு மேல அடி, ஸ்கேன்ல உள்ள ரத்தக்கட்டு தெரியுதுன்னாங்க. ஆபரேஷன் இல்லாமலே கரைஞ்சிருச்சு, ஒன்பது நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரு, நேரா நடந்தாரு, கையெழுத்துப் போட்டாரு, பில்ல கூட்டிப் பாத்து 200 ரூபா ஜாஸ்தி போட்டிருக்குன்னு கண்டுபுடிச்சு அதையும் குறைச்சுட்டு வந்தாரு. இதுக்கு மேல என்ன வேணும், ஆளு நல்லாத்தான் இருக்காருன்னு நாங்களும் பழனிக்கு வேண்டிக்கிட்டதுக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சுட்டோம்.

வீட்டுக்கு வந்தப்புறம் "அந்த இத எடு", "அது எங்க வச்ச", "அந்த ஆளு வந்தானா" இப்படியே பேசுனாரு. நம்ம ஊர்ல எல்லாரும் பாதிப் பேச்சு அது இதுன்னுதான பேசுறோம், அதனால யாருக்கும் உறைக்கவே இல்ல. எனக்கும்தான். மூணு வாரம் ஓடிருச்சு.

கடைக்குப் போனப்பதான் குட்டு உடைஞ்சுச்சு. பிளம்பர் வந்து "அண்ணே முக்கா இஞ்சு எல்போ நாலு"ன்னா சரியான பொட்டிக்குக் கை போகுது, கேக்குறது புரியுது, சாமான் தெரியுது, விலை கூட தப்பாம வருது. ஆனா கடைப் பையன்கிட்ட அதையே எடுத்துட்டு வரச் சொல்லணும்னா "தம்பி அந்த... வளைஞ்சது... கை மடக்குற மாதிரி..."ன்னு காத்துல கைய மடக்கிக் காட்டுறாரு. கேட் வால்வு "தண்ணிய நிறுத்துற சக்கரம்" ஆயிருச்சு. கீல் "கதவுக்கு முட்டி" ஆயிருச்சு. கேக்க சிரிப்பா இருக்கும், சிரிச்சவங்களும் உண்டு. ஒரு நாள் வெளியூர்க்காரங்க காரை நிறுத்திட்டு வந்து, புவிசார் குறியீடு எல்லாம் 2019ல வாங்குன பூட்டாமே, மாங்காப் பூட்டு ஒண்ணு காட்டுங்கன்னு கேட்டாங்க. இவரு எடுத்துக் கையில வச்சுக்கிட்டு அதப் பத்தி பேச வாயத் தெறக்குறாரு, பேரு வரல. "இது வந்து... சாவிக்கு... சாவிக்கு வீடு"ன்னாரு. நாப்பது வருஷமா திண்டுக்கல்ல பூட்டு வித்த மனுஷன். அவங்க வெளிய போறப்ப காலையிலேயே ஊத்திட்டாரு போலன்னு பேசிக்கிட்டது எங்க ரெண்டு பேர் காதுலயும் விழுந்துச்சு. மறுநாள்ல இருந்து கடைக்கு வரமாட்டேன்னுட்டாரு.

நரம்பு டாக்டர்கிட்ட திரும்பப் போனோம். அடிபட்ட இடம் வார்த்தைய தேடி எடுக்குற வேலைக்குப் பக்கத்துல இருக்கு, சாமானப் பத்தின அறிவு போகல, பேரு மட்டும் மாட்டிக்குது, இதுக்கு மாத்திரை இல்ல, ஸ்பீச் தெரபிக்குப் போங்கன்னாரு. 'அனோமியா'ன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. ஸ்பீச் தெரபின்னா திக்குவாய்க்கும் பேச்சு லேட்டா வர்ற பிள்ளைகளுக்கும்தான்னு நெனச்சுக்கிட்டிருந்த ஆளு நான்.

மொதல்ல போன இடமும் அப்படித்தான் இருந்துச்சு. அத விலாவாரியா சொல்ல இஷ்டமில்ல, வேற ஊரு, வேற ஆளு. சுவத்துல டோரா, தரையில கலர் கலர் பாயி, இவர சின்ன ஸ்டூல்ல உக்கார வச்சு கிளி படம், ஆப்பிள் படம் காட்டி, சொன்னவுடனே "வெரி குட் அங்கிள்"னு கை தட்டுனாங்க. மூணாவது படத்துலயே எந்திரிச்சு வந்துட்டாரு. பிள்ளைகளுக்கு நல்ல இடமாத்தான் இருக்கும், சந்தேகமில்ல. நீங்க தேடுறப்ப போன்லயே கேட்ருங்க, பெரியவங்கள, அதுலயும் தலையில அடிபட்டவங்கள பாத்த பழக்கம் உண்டான்னு. அப்புறம் ஆர்சிஐ, அதாவது இந்த மாதிரி தெரபி பண்றவங்கள பதிவு பண்ற மத்திய கவுன்சில், அதோட ரிஜிஸ்டர் நம்பர் உண்டான்னு கேளுங்க. ரெண்டு மாச கோர்ஸ் முடிச்சுட்டு போர்டு மாட்டுறவங்களும் இருக்காங்க, முறையா படிச்சவங்க நாலு வருஷம் படிச்சுட்டு வர்றவங்க.

மதுரை இடத்துல நம்பர ஃப்ரேம் போட்டு சுவத்துலயே மாட்டியிருந்துச்சு. மொத நாள் ஒன்றரை மணி நேரம் பரிசோதனை மட்டும்தான். படம் பாத்து பேரு சொல்றது மட்டும் இல்ல, ஒரு நிமிஷத்துல எத்தன காய்கறி சொல்ல முடியும், சொன்னத திருப்பிச் சொல்ல வருதா, வாசிக்க வருதா, கவனம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எல்லாம் பாத்தாங்க. காய்கறி ஆறுதான் வந்துச்சு, அதுலயும் கத்திரிக்காய ரெண்டு தடவ சொன்னாரு. அமெரிக்காவுல 1983ல வந்த ஒரு டெஸ்ட் இருக்காம், 60 படம், லேசுல ஆரம்பிச்சு போகப் போக கஷ்டமாகுமாம். அத அப்படியே வச்சு நம்ம ஆளுகள அளக்க முடியாதுன்னு சொல்லி வேடிக்கைக்கு ரெண்டு படம் காட்டுனாங்க. கடைசிக்குப் பக்கத்துல, அதாவது ரொம்பக் கஷ்டம்ங்குற இடத்துல, மாட்டு நுகத்தடி. இவரு பட்டுன்னு "நொகத்தடி"ன்னாரு, தாத்தா வீட்டுல உழுத ஆளு. அதுக்கு முன்னாடி ஒரு கீரைத்தண்டு மாதிரி எதோ, அஸ்பராகஸாம். அடிபடாத எனக்கே அது என்னன்னு தெரியல. அந்தப் பொண்ணு மேல எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்துலதான்.

அப்புறம் அது கேட்டுச்சு, அக்கா, வீட்டுல இருக்கவங்க பேரெல்லாம் சார் சொல்றாரான்னு. ஓ சொல்றாரேன்னேன். என்னக் காட்டி இவங்க யாரு சார்னு கேட்டுச்சு. "என் வீட்டுக்காரி". பேரு? முழிக்கிறாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு. கல்யாணமாகி 27 வருஷமா என்ன "இந்தாம்மா"ன்னுதான் கூப்புடுவாரு, நான் "என்னங்க"தான், அதனால என் பேரு தொலைஞ்சது ரெண்டு பேருக்குமே தெரியாமலே ஒரு மாசத்துக்கு மேல ஓடியிருக்கு. பேருதான் எல்லாத்தையும் விட கஷ்டமாம். பூட்டுன்னா சாவி, கதவு, இரும்பு, திருடன்னு பத்து பக்கமிருந்து பிடிச்சு இழுக்கலாம், ஆளு பேருக்கு அப்படி பிடி கிடையாது, அதான் நல்லா இருக்கவங்களுக்கே வயசானா மொதல்ல பேரு மறக்குதுன்னு சொல்லுச்சு.

சரி, உள்ள என்னதான் பண்றாங்க, அத சொல்றேன், ஏன்னா நெறைய பேரு போன்ல எங்கிட்ட கேக்குறது அதத்தான்.

ஒரு பெரிய தாளு, நடுவுல போட்டோ. சுத்தி ஆறு கட்டம். இது என்ன வகை, எதுக்கு ஆகும், என்ன செய்யும், பாக்க எப்படி, எங்க இருக்கும், இதப் பாத்தா வேற என்ன ஞாபகம் வருது. வெளிநாட்டுல இருந்து வந்த முறையாம், அர்த்தத்த சுத்திச் சுத்திப் போயி பேர பிடிக்கிறது. பூட்டு போட்டோவ வச்சு ஆரம்பிச்சாங்க. "இரும்புச் சாமான்"னாரு. "கதவ மூட". "திருடன் வராம". "கனமா, மாங்கா மாதிரி". எங்க இருக்கும்னதுக்கு "எங்க ஊர்ல"ன்னாரு, அந்தப் பொண்ணு சிரிச்சுருச்சு. என்ன ஞாபகம் வருதுன்னதுக்கு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "எங்கப்பா"ன்னாரு. ஆறு கட்டமும் நெறஞ்சுருச்சு, பேரு மட்டும் வரல. பரவால்ல சார்னு அடுத்த படி. "ராத்திரி கடைய சாத்திட்டு ஷட்டருக்கு என்ன போடுவீங்க?" வரல. அடுத்து மொத எழுத்து, "பூ..." இவரு "பூண்டு!"ன்னாரு. நான் வாயப் பொத்திக்கிட்டேன். அப்புறம் முழுசா "பூட்டு"ன்னு சொல்லிக் குடுத்து, திருப்பிச் சொல்ல வச்சு, மறுபடி ஆறு கட்டத்தையும் பேரோட சேத்து ஒரு சுத்து. "பூட்டு இரும்புச் சாமான், பூட்டு கதவ மூட..." இப்படி. பேரு மொதல்லயே வந்துட்டாலும் ஆறு கட்டத்தையும் விடக்கூடாதாம், எனக்கு அது டைம் வேஸ்டா தெரிஞ்சுச்சு, கேட்டே கேட்டேன். இன்னைக்கு பேரு தானா வந்தது அதிர்ஷ்டம்க்கா, நாளைக்கும் வரணும்னா வழி போட்டு வைக்கணும்னுச்சு.

ரெண்டாவது மாசத்துல இருந்து சத்தத்த வச்சும் சேத்துக்கிட்டாங்க. மொத எழுத்து என்ன, எத்தன எழுத்து தட்டிக் காட்டுங்க, அதே மாதிரி முடியுற வேற வார்த்த சொல்லுங்க. கீல்னா வால், பால், கால். இதுல இவரு கில்லாடி, கோயில் பட்டிமன்றம்னா மொத வரிசையில உக்காந்து எதுகை மோனைக்கு விசிலடிச்ச ஆளு.

இன்னொண்ணு, ஊகிச்சு ஊகிச்சு தப்பா சொல்ல விடமாட்டாங்க. நான் வீட்டுல "யோசிங்க, யோசிங்க, இன்னும் யோசிங்க"ன்னு விரட்டிக்கிட்டிருந்தேன், அதுல பைப்ப சேக்குற கப்ளிங்க "யூனியன்"னு நாலு தடவ சொல்லி சொல்லி அந்தத் தப்பே பழகிருச்சு. அடிபட்டவங்களுக்கு ஞாபகமும் கொஞ்சம் ஆட்டங்கண்டிருக்கும், எது சரி எது தப்புன்னு பின்னாடி பிரிச்சு எடுக்க முடியாது, வாயில வந்தது அப்படியே தங்கிரும், அதனால பத்து எண்ணுற வரைக்கும் காத்திருங்க, வரலன்னா மொத எழுத்து, அதுக்கும் வரலன்னா பேரையே குடுத்துருங்கன்னாங்க. பத்து எண்றது இருக்கே, அத மாதிரி கஷ்டம் உலகத்துல இல்ல. நாலுலயே வாய் துறுதுறுங்கும்.

இப்ப முக்கியமான விஷயம். போன வாரம் கூட ஒருத்தங்க போன் பண்ணி தெரபி போனா பேச்சு பழையபடி வந்துருமான்னு கேட்டாங்க. பழகுற வார்த்ததான் வருது. பழகாதது பெருசா வர்றதில்ல. இத அந்தப் பொண்ணு மொத வாரமே சொல்லுச்சு, நான் நம்பல, பேப்பர்ல எழுதி நிரூபிச்சுக் காட்டுச்சு. 50 வார்த்த எடுத்தோம். 40 பழக, 10 தொடவே கூடாது, சும்மா ஓரமா வச்சு மாசம் ஒரு தடவ மட்டும் கேக்குறது. ஆரம்பத்துல 40ல 11 வந்துச்சு, ஓரம் கட்டுனதுல 10க்கு 3. பன்னெண்டு வாரம் கழிச்சு 40ல 33. ஓரம் கட்டுனது 10க்கு 4. அந்த பத்த ஓரமா வச்சதுக்கு இன்னொரு காரணமும் சொல்லுச்சு, அடிபட்ட மொத சில மாசம் மூளை தானாவே கொஞ்சம் சரியாகும், அதையும் என் கணக்குல எழுதிக்கிட்டா அது நேர்மையில்ல, இந்த பத்துதான் அதுக்கு சாட்சின்னுச்சு. சம்பளம் வாங்குற ஆளு தன் வேலைய தானே இப்படி சந்தேகப்பட்டு நான் பாத்ததில்ல. கடைக்கு சரக்கு போடுற கம்பெனிக்காரங்க இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்.

அதனால எந்த வார்த்தைய பழகுறோம்ங்குறதுதான் எல்லாமே. இதுலதான் எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் மொத மாசம் லேசா இழுபறி. அவங்க அட்டையில ஒட்டகம், எரிமலை, முக்காலி, கத்திரிக்கோல் எல்லாம் இருந்துச்சு. எரிமலைன்னு சொல்ல வந்தா என்ன, வராட்டி என்ன, திண்டுக்கல்ல யாருக்கு எரிமலை வேணும்? நான் ஒரு ஞாயித்துக்கிழமை கடையில உக்காந்து செல்லுல போட்டோ எடுத்தேன். எல்போ, டீ, யூனியன், கப்ளிங், எண்ட் கேப், பால் வால்வு, டெஃப்ளான் டேப்பு, எம்சீல், கீல், தாப்பா, ரம்பம், உளி, சுத்தி, ஆக்ஸா பிளேடு, ஸ்பேனரு, மணல் காகிதம், வாசர், அப்புறம் வீட்டுக்கு சாம்பார் கரண்டி, சீப்பு, சார்ஜர், பிரஷர் மாத்திரை, அப்புறம் ஆளுக, எங்க பையன், மருமக, பேத்தி, கடைப் பையன், எதிர்த்த டீக்கடைக்காரர், நான். மொத்தமா பென் டிரைவுல போட்டுக் குடுத்தேன். அடுத்த வாரம் அட்டைய மூட்ட கட்டி வச்சுட்டு என் போட்டோவுல ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் இவருக்கு ஈடுபாடே வந்துச்சு. எல்போவுக்கு ஆறு கட்டம் போடுறப்ப இவரு அந்தப் பொண்ணுக்கு பிவிசிக்கும் சிபிவிசிக்கும் வித்தியாசம் பாடம் எடுத்தாரு, சுடுதண்ணி லைனுக்கு எது போடணும்னு. மொத நாள் அத "பாப்பா"ன்னு கூப்புட்டவரு இப்ப "டாக்டரம்மா"ங்குறாரு. அந்தப் பொண்ணு "நான் டாக்டர் இல்ல சார்"னு ஒவ்வொரு தடவயும் சொல்லுது.

பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழ் பஞ்சாயத்தும் இருக்கு. ட்ரெயினிங்குக்கு வந்த ஒரு பிள்ளை இவரு "சேரு"ன்னதுக்கு தப்பு போட்டுச்சு, தாள்ல நாற்காலின்னு இருக்காம். "சுத்தி"க்கும் தப்பு, சுத்தியலாம். "தாப்பா"வுக்கும் தப்பு. 54 வருஷத்துல ஒரு நாளாவது இவரு நாற்காலின்னு சொல்லியிருந்தா நான் தப்புன்னு ஒத்துக்குவேன். மேடம்கிட்ட சொன்னவுடனே திருத்திட்டாங்க, வீட்டுல என்ன சொல்லுவாரோ அதுதான் சரி, தமிழ்ல சொன்னாலும் இங்கிலீஷ்ல சொன்னாலும் சரின்னு. ஆனா வீட்டுப்பாடத் தாளு இன்னும் அந்தப் பழைய பிரிண்ட்தான், எழுத்தும் எறும்பு சைஸ்ல. இது குறை நம்பர் ஒண்ணு. செல்லுல இதுக்கு ஆப் ஏதாவது இருக்கான்னும் தேடிப் பாத்தோம், நல்லா செஞ்சிருக்க ஒண்ணு கெடச்சுச்சு, தமிழ் கிடையாது, அதனால விட்டுட்டோம்.

குறை ரெண்டு, மாடிப்படி. 22 படி, செங்குத்தா, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மூளையில அடிபட்டவங்க வர்ற இடத்துக்கு லிஃப்ட் இல்லாம ஒரு மாடி. இவரு ஏறிருவாரு, ஆனா அங்க ஸ்ட்ரோக் வந்தவங்கள ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றத பாத்துட்டு எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. கீழ ஒரு வெல்டிங் பட்டறை வேற. மனுஷன் ஒரு வார்த்தைக்கு நாக்க மடக்கிட்டு இருப்பாரு, கீழ இருந்து கிரைண்டர் சத்தம் வரும், வந்த வார்த்த ஓடிரும்.

அந்தச் சத்தத்துலயும் ஒரு நல்லது நடந்துச்சுன்னு சொல்லணும். ஸ்ட்ரோக்ல பேரு வராம போறதுக்கும் அடிபட்டு வராம போறதுக்கும் வித்தியாசம் இருக்காம், அடிபட்டவங்களுக்கு அநேகமா கவனமும் சேந்து உடைஞ்சிருக்கும், களைப்பும் சீக்கிரம் வரும், அமைதியான ரூம்ல வர்ற வார்த்த கூட்டத்துல வராது. எங்களுக்கு அப்படியே இருந்துச்சு. ரூம்ல 33 சொல்றவரு கடையில நின்னா 15 தேறாது. அப்ப என்ன பண்ணாங்கன்னா, எங்க கடையில காலைல பத்து மணிக்கு இருக்குற சத்தத்த அரை மணி நேரம் செல்லுல ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அத மெல்லமா ஓட விட்டு பயிற்சி, ஒவ்வொரு வாரமும் வால்யூம கொஞ்சம் ஏத்துறது. அந்த ரெக்கார்டுல நான் கடைப் பையன திட்டுறதும் இருந்துச்சு, வாராவாரம் ஏத்தி ஏத்தி கேட்டாங்க, மானம் போச்சு. ஆனா வேலைக்கு ஆச்சு. தை மாசத்துல இருந்து கடைக்கு அரை நாள் வர்றாரு.

வார்த்த மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னும் சொல்லிக் குடுத்தாங்க. முழிச்சுட்டு நிக்கக் கூடாது, சைஸ சொல்லு, எதுக்குன்னு சொல்லு, பொட்டி நம்பர சொல்லு. பொட்டி மேல எல்லாம் ஒரு சாமான கட்டித் தொங்க விட்டு, நம்பரும் பேரும் பெருசா எழுதிட்டோம். இப்ப "தம்பி, பதினாலாம் நம்பர்ல முக்கா இஞ்சு ரெண்டு"ன்னா வேலை முடிஞ்சுச்சு. கடைப் பையன் சொல்றான், ஆச்சி, இத முன்னாடியே பண்ணியிருந்தா நான் சேந்த புதுசுல அவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேன்னு.

ஊர் வைத்தியம் ஒரு பக்கம். வல்லாரைக் கீரை ஆறு மாசம் தின்னாரு, நாத்தனார் விடல. பாட்டு பாடுனா பேச்சு வரும்னு சொந்தத்துல ஒருத்தர் வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்பிக்கிட்டே இருந்தாரு, 2011ல அமெரிக்காவுல தலையில குண்டடி பட்ட எம்பி அம்மா கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பாட்டு பாடி பேச்சு மீட்ட கதை. அது நெசந்தான், ராகம் போட்டுப் பேச வைக்கிற முறை 1973ல இருந்தே இருக்கு, ஆனா அது பேச்சே கெளம்பாம திக்கி நிக்கிறவங்களுக்குக்கா, சார் சரளமாத்தான் பேசுறாரு, நடுவுல பேரு மட்டும் விழுந்துருது, இவருக்கு அது சரிப்படாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. இன்னொரு இடமா இருந்தா பாட்டுக்கும் தனி பேக்கேஜ் போட்டிருப்பாங்க.

காசு. 45 நிமிஷத்துக்கு 600 ரூபா, வாரம் ரெண்டு. பரிசோதனைக்கு 1500 தனி. எங்க இன்சூரன்ஸ் பெட்டுல படுத்தாத்தான் குடுக்கும், உக்காந்து பேசுறதுக்கு குடுக்காது. விபத்துன்னா மொத 48 மணி நேரம் பாத்துக்க அரசாங்கத் திட்டம் இருக்கு, 2021ல இருந்து, நல்ல திட்டம், எங்க தெருவுல ஒருத்தர் உசுரு அதுல பொழச்சிருக்கு. ஆனா நம்ம செலவு ரெண்டாவது மாசத்துலதான ஆரம்பிக்குது. பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்குன்னு ஒரு நடைக்கு ஆயிரத்த தொட்டுரும். மூணாவது மாசத்துல வாரத்துல ஒண்ண வீடியோ காலுக்கு மாத்திக்கிட்டோம், அதுக்கு 400. வீடியோவுலயும் நேர்ல போறதுல முக்காவாசி பலன் இருக்குன்னுதான் சொல்லுவேன், பஸ்ல 65 கிலோமீட்டரு போயி களைச்சுப் போயி உக்காந்து வார்த்த தேடுறதுக்கு, வீட்டுல காபி குடிச்சுட்டு உக்காந்து தேடுறது எவ்வளவோ தேவல. மொதல்லயே அப்படி ஆரம்பிச்சிருக்கணும். சென்னை பக்கத்து ஆளுக முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு, அங்க ஒரு தடவ விசாரிச்சுப் பாருங்க. பேச்சு நிரந்தரமா பாதிச்சா 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல அதுவும் ஒரு வகையா இருக்கு, எங்களுக்கு அதுக்கு அவசியம் வரல.

குறை மூணு, கேன்சல். கேம்ப், கல்யாணம், காய்ச்சல்னு ஏழு மாசத்துல அஞ்சு தடவ கேன்சல், அதுல ரெண்டு தடவ நாங்க மதுரை போற வழியில வாடிப்பட்டி தாண்டுனப்புறம் மெசேஜ் வந்துச்சு. ஒரே ஆளு நடத்துற இடம்னா அதுதான். சித்திரையில திருவிழா, அப்புறம் அவங்களுக்கு எதோ படிப்பு வேலைன்னு ஆறு வாரம் முழுசா விட்டுப் போச்சு. திரும்பப் போயி சோதிச்சப்ப 33, 28 ஆயிருந்துச்சு. அந்த அஞ்சுல நாலு நாங்க வீட்டுல தொடாம விட்ட வார்த்த, அத மறைக்க மாட்டேன், நாங்களும் திருவிழாதான் பாத்தோம். இப்ப தினம் ராத்திரி சாப்புட்டு முடிச்சு கால் மணி நேரம் போட்டோ பாக்குறோம், தெரிஞ்சது நாலு நாளைக்கு ஒரு தடவ, தடுமாறுனது தினமும், அவங்க சொல்லிக் குடுத்த கணக்குதான். நாலாவது குறையும் ஒண்ணு உண்டு, மொத ரெண்டு வாரம் என்ன வெளிய உக்கார வச்சுட்டாங்க. உள்ள விட்டிருந்தா பத்து எண்ற வித்தையெல்லாம் ரெண்டு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும், கப்ளிங்கும் தப்பிச்சிருக்கும்.

என் பேரு வந்துச்சான்னு கேப்பீங்க. வந்துச்சு, ஒன்பதாவது வாரம். போட்டோவக் காட்டுனா சொல்லிர்றாரு, தாளுல டிக்கும் விழுந்துருச்சு. வீட்டுல இன்னும் "இந்தாம்மா"தான். ஒரு நாள் மட்டும் மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தப்ப கீழ இருந்து பேரச் சொல்லி கூப்புட்டாரு, பதறிப்போயி இறங்கி வந்தேன், என்னமோ ஏதோன்னு. "சும்மா, வருதான்னு பாத்தேன்"ங்குறாரு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், படிக்கட்டுக்கும் கேன்சலுக்கும் ஒண்ணு கொறைச்சிட்டேன். போறவங்க பதினோரு மணி ஸ்லாட்ட வாங்காதீங்க, கீழ பட்டறை அப்பதான் உச்சத்துல இருக்கும், சாயங்காலம் நாலு மணி கேளுங்க. அடிபட்டவங்க தினம் பொழங்குற சாமான போட்டோ எடுத்துட்டுப் போங்க, பின்னாடி வேற எதுவும் தெரியாம தனியா, வெள்ளத் துணி மேல வச்சு எடுத்தா நல்லது. படியேற முடியாதவங்களா இருந்தா மொத நாளே போன்ல சொல்லிருங்க, பக்கத்து மெடிக்கல்ல பின்னாடி ஒரு ரூம் இருக்கு, அங்க இறங்கி வந்து பாக்குறாங்க, நாங்க கேட்டப்புறம்தான் அதையே ஆரம்பிச்சாங்க.